மார்கழியில் பாரத யாத்திரை

ஆண்டிறுதித் தவணை முடிந்து பாடசாலைகள் மூடப்படும் காலம் நெருங்கியதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகின்றது. "இம்முறையாவது இந்தியாவுக்கு ஒரு தரம் போய் வந்துவிடுவோமா?" என்பதே அப்பேச்சு. பிள்ளைகளுக்கு விடுமுறை, தகப்பனாருக்குக் கந்தோரில் எஞ்சியிருக்கும் லீவு, வீட்டிலுள்ள முதியவருக்கோ நெடுநாள் மனத்திற் கிடந்த காசி ஆசை. இம்மூன்றும் ஒன்றுசேரும் காலம் மார்கழியை விட்டால் வேறில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர்.

இவ்விடயம் பற்றி வெள்ளவத்தையிலிருந்து சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய கணவருக்குப் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருக்கின்றது. மாமியாருக்கு எழுபத்துநான்கு வயது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர். காசியைக் காணாமற் கண்ணை மூடிவிடுவேனோ என்று அடிக்கடி சொல்பவர். உயர்தர வகுப்பில் வாசிக்கும் மகனுக்கு வெண்பனி பொழிவதைப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு மகளுக்குத் தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும். ஆகவே சென்னை, திருப்பதி, டில்லி, ஆக்கிரா, காசி, ஹரித்துவாரம், பத்ரிநாத் என ஏழு இடங்களைக் குறித்து, "காலம் மிஞ்சினால் காச்மீரத்தையும் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கின்றார். கொட்டாஞ்சேனையிலுள்ள அவருடைய தமையனார் குடும்பமும் உடன் வர ஆயத்தமாம்.

இக்கடிதத்துக்குத் தனியே மறுமொழி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆயினும், இத்தகைய திட்டத்தை நம்மவர் பலர் ஆண்டுதோறும் வகுப்பதனால், யாவருக்கும் பயன்படுமாறு இங்கு எழுதுவது நலமெனக் கருதினேன்.

ஒரு நாடா, பல நாடா?

இந்தியா செல்வதென்றால் நாம் அதனை ஓர் ஊருக்குச் செல்வதுபோல எண்ணிவிடுகின்றோம். கடலைத் தாண்டினால் சென்னை. விமானத்தில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகின்றோம். இறங்கிய இடத்திலும் தமிழே ஒலிக்கின்றது. அதனால் அந்நாடு நமது வீட்டின் அடுத்த அறை போலத் தோன்றுகின்றது. அவ்வறைக்கு அப்பால் எத்தனை அறைகள் உள என்பதை நாம் எண்ணுவதில்லை.

நமது இலங்கையின் நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர். இந்தியாவின் நீளமோ வடக்குத் தெற்காக 3,214 கிலோமீற்றர். பரப்பில் இலங்கையைப் போல் ஐம்பது மடங்கு. கன்னியாகுமரி மத்திய கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே உளது; காச்மீரத்தின் வடவெல்லையோ 37 பாகையை எட்டுகின்றது. ஒரே மார்கழி நாளில், ஒரே நாட்டில், ஓரிடத்தில் மக்கள் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பர். வேறோரிடத்தில் உறைந்த குழாயை வெந்நீர் ஊற்றி இளக்கிக்கொண்டிருப்பர்.

நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாணவர் இதனை இலக்கண வகுப்பில் மனனஞ் செய்கின்றனர். ஆயினும், கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் "பனி" என்பது ஏட்டுச் சொல்லேயன்றி உடல் அறிந்த சொல்லன்று. நமக்குத் தெரிந்தவை தென்மேற் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும், அவற்றின் இடையே வரும் புழுக்கமுமே. கொழும்பின் தை மாத இரவு ஏறக்குறைய 22 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும். ஆதலால் குளிர் நாட்டுக்குத் திட்டமிடும்போது நம் அநுபவம் நமக்கு உதவுவதில்லை. அளவுகோல் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த அளவுகோல் நம் நாட்டிலேயே இருக்கின்றது. நுவரெலியாவில் தை மாத இரவு 9 அல்லது 10 பாகையை ஒட்டி நிற்கும். காசியில் அதே மாத இரவும் ஏறக்குறைய அவ்வளவே. டில்லியில் இன்னும் இரண்டொரு பாகை குறைவு. குளிரலை வீசும் நாட்களில் இவ்விரு நகரங்களிலும் 4, 5 பாகை வரையும் இறங்குவதுண்டு. நுவரெலியாவில் ஒரு தை மாத விடியற்காலையில் வெறுங்காலுடன் கோயிற் பிரகாரத்தைச் சுற்றி வர உங்கள் மாமியாரால் இயலுமா? இயலுமென்றால் காசி இயலும். இவ்வினாவை முதலிற் கேட்டுவிட்டே மேற்கொண்டு திட்டமிட வேண்டும்.

பருவம் தப்பிய காலம் என்பது யாது?

"பருவம் தப்பிய காலத்திற் சென்றால் செலவு குறையும்" என்று பலரும் சொல்வர். 2022 இல் நமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று. ஆனால் இந்தியா முழுமைக்கும் பொதுவான பருவம் என்று ஒன்றில்லை என்பதை மறத்தலாகாது. மார்கழி இமயத் தலங்களுக்குப் பருவம் தப்பிய காலம். குஜராத்துக்கும் இராசத்தானத்துக்கும் அதுவே நற்பருவம். சபரிமலைக்கோ அது மண்டல விரதக் காலம். சன நெரிசல் உச்சமடையும் நேரம். மேலும், நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில், பருவம் தப்பிய ஊர்களிற்கூட விடுதிக் கட்டணம் ஏறிவிடும். எனவே "இந்தியாவில் டிசம்பர் எப்படி?" என்று கேட்பது பயனற்ற வினா. எந்த இந்தியா என்று கேட்க வேண்டும். மார்கழி யாத்திரைக்காக அந்நாட்டை நான்கு வலயங்களாகப் பிரித்துக்கொள்வது போதுமானது.

முதலாவது, தமிழகத்தின் கிழக்குக் கரை. இங்கு மார்கழி குளிர் காலமன்று. மழைக் காலத்தின் வால். சென்னையில் ஓராண்டிற் பெய்யும் மழையிற் பாதிக்கு மேல் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டுக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 ஆந் திகதி மிச்சாங் புயலின்போதும் ஓடுபாதையை நீர் மூடிற்று. அதே மாதம் 17, 18 ஆந் திகதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சதமமீற்றர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட புகையிரதம் ஒன்று, பாதையின் கீழிருந்த மண் அரிக்கப்பட்டமையால், நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட துயரத்தை நம் மூத்த தலைமுறை மறவாது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், கொழும்புக் கோட்டையிற் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் தனுஷ்கோடியை அடைந்து, அங்கிருந்து மீண்டும் புகையிரதத்திற் சென்னை சேர்வது நம்மவர்களின் வழக்கமான மார்க்கமாயிருந்தது. 1964 டிசம்பர் 22 ஆந் திகதி நள்ளிரவு எழுந்த புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடி நகரையே அழித்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் கடலுக்கு இரையாயிற்று. அதுவும் மார்கழி மாதமே. இன்று காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பற் சேவையும், வடகீழ்ப் பருவக்காற்று முனைந்தவுடன் அம்மாதத்திலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டிலேயே மீண்டும் தொடங்கிற்று. மார்கழியிற் கடல்வழியை நம்பித் திட்டம் வகுக்க வேண்டாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் அச்சமடைய வேண்டியதில்லை. டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் மழையின் வேகம் பெரும்பாலும் தணியும். அக்காலத்திற் சென்னையில் இசை விழா நடைபெறும். சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம், திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி என விழாக்கள் தொடரும். பயணத்தின் முதலிலோ இறுதியிலோ ஒரு நாளை வெறுமையாக விட்டு வைப்போர் இவ்வலயத்தில் இடர்ப்பட மாட்டார்.

இரண்டாவது, தக்கணமும் மேற்கு இந்தியாவும். மார்கழிக்கு ஏற்ற வலயம் இதுவே. வானம் தெளிந்திருக்கும், பகல் இதமான வெயில், இரவு ஒரு சால்வையின் அளவுக்குக் குளிர். ஔரங்காபாத் என முன்பு வழங்கிய சத்திரபதி சம்பாஜிநகரில் தங்கினால், அசந்தா, எல்லோரா குகைகளையும், எல்லோராவை அடுத்துள்ள கிருஷ்ணேசுவரம் என்னும் சோதிலிங்கத் தலத்தையும் காணலாம். மேற்கே சென்றால் சோமநாதமும் துவாரகையும் உள. ஒரு குறிப்பு: அசந்தாவுக்குத் திங்கட்கிழமையும், எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமையும், தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை. இதனை அறியாது வாயிலில் நின்று திரும்பியோர் பலர்.

மூன்றாவது, கங்கைச் சமவெளி. டில்லி, ஆக்கிரா, பிரயாகை, காசி யாவும் இதனுள் அடங்கும். இங்குள்ள இடர் குளிர் மாத்திரமன்று; மூடுபனியே பேரிடர். மாணவர் இதன் காரணத்தை அறிந்துகொள்ளல் நன்று. மாரிக்காலத்து இரவில் வானம் முகிலின்றித் தெளிந்திருக்கும். பகலில் நிலம் பெற்ற வெப்பம் தடையின்றி மேலெழுந்து போய்விடும். ஆறுகளிலும், நீர் பாய்ச்சிய கோதுமை வயல்களிலும் இருந்து எழும் ஈரம் நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்றிற் கலந்து நீர்த்துளிகளாகின்றது. காற்றோ அசைவதில்லை. அதனால் டிசம்பர் பிற்பகுதி தொடங்கி ஜனவரி முடியும் வரை, பத்தடிக்கு அப்பால் நிற்பவரைக் காண இயலாத வெண்திரை சில நாட்கள் சமவெளி முழுவதையும் மூடிவிடும். டில்லிப் பகுதியில் இதனோடு புகையும் கலப்பதால், மூச்சுத் தொல்லை உடையோர் அங்கு தங்குதல் தகாது.

இதன் விளைவு யாதெனில், புகையிரதங்கள் ஐந்து மணி, பத்து மணி என்று தாமதிக்கும். மூடுபனியை முன்னிட்டு டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை சில சேவைகளை இந்திய புகையிரதப் பகுதியினரே முன்கூட்டி நிறுத்திவிடுவதும் உண்டு. விடியற்கால விமானங்கள் இறங்க வழியின்றி வேறு நகரங்களுக்குத் திருப்பப்படும். ஆகவே, காலையில் டில்லி, மாலையில் ஆக்கிரா, மறுநாட் காசி என எழுதப்பட்ட திட்டம் முதல் மூடுபனியிலேயே குலைந்துவிடும். ஒன்று தவறினால் அதன் பின்னுள்ளவை யாவும் தவறும். கட்டிய பணம் திரும்புவதும் அரிது.

நான்காவது, இமயம். பத்ரிநாத் ஆலயம் 3,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும், கேதாரநாத் 3,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும் உள்ளன. கேதாரம் தீபாவளியை அடுத்துத் திருக்காப்பிடப்படுகின்றது. பத்ரியும் நவம்பரில் மூடப்படும். மீண்டும் திறப்பது சித்திரை, வைகாசி வாக்கில். இடைப்பட்ட மாதங்களில் கேதாரநாதரின் உற்சவ மூர்த்தி உகிமடத்திலும், பத்ரிநாதருக்குரிய வழிபாடு சோசிமடத்திலுமாக நடைபெறுகின்றன. குளிருக்கு அஞ்சி இறைவனே மலையிறங்கி வந்துவிட்டான் என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்லத்தக்க ஏற்பாடு இது. சகோதரியின் பட்டியலில் ஏழாவதாக இருந்த பத்ரிநாத்தை மார்கழியில் எவராலும் தரிசிக்க முடியாது. அதனைச் சேர்த்துத் திட்டமெழுதிப் பணம் கேட்கும் தரகர் எவரேனும் இருப்பின், அவரிடம் முதலில் இதனைக் கேட்டறிக.

காச்மீரத்தில் டிசம்பர் 21 ஆந் திகதி தொடங்கும் நாற்பது நாட்களைச் "சில்லைக் கலான்" என்று அழைப்பர். ஆண்டின் கடுங்குளிர் அதுவே. இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும். இளைஞருக்கு அது விருந்து. எழுபத்துநான்கு வயதினருக்கு அன்று. சிம்லா போன்ற ஊர்களிலோ டிசம்பரில் வெண்பனி விழுமென்பதற்கு உறுதியில்லை. மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் மேற்கத்திய குழப்பங்களே அங்கு பனியைக் கொண்டுவருவன. அவை மிகுவது ஜனவரி, பெப்ரவரியில்.

வீட்டுக்குள் இருக்கும் குளிர்

நம்மவர்கள் எதிர்பாராத ஒன்றை இங்கு சொல்ல வேண்டும். ஐரோப்பாவிற் குளிர் வெளியே இருக்கும், வீட்டுக்குள் சூடேற்றியிருப்பர். கங்கைச் சமவெளியின் பழைய வீடுகளும் சத்திரங்களுமோ, 45 பாகை வரை ஏறும் கோடை வெயிலைத் தாங்குவதற்கென்று கட்டப்பட்டவை. தடித்த சுவர், கற்றளம், உயர்ந்த கூரை. மாரியில் இவ்வறைகள் வெளியிலும் குளிர்ந்திருக்கும். பகலில் வெயிலிற் குந்தியிருப்பவர்களைக் கண்டு சோம்பேறிகள் என எண்ணற்க. அவர்கள் வீட்டுக் குளிருக்குத் தப்பி வந்தவர்கள்.

ஆதலால் விடுதி ஒழுங்கு செய்யும்போது சுவரின் நிறத்தையும் தொலைக்காட்சியையும் விசாரிப்பதிலும், வெந்நீர் எந்த மணிக்குக் கிடைக்கும், ஆளுக்கு எத்தனை கம்பளி, சன்னல் இறுக மூடுமா, படிகள் எத்தனை என்பவற்றை விசாரித்தல் மேல். குளிர் தாங்காது கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டி உறங்குதல் ஒருபோதும் ஆகாது. அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வட இந்தியாவில் மாரிதோறும் குடும்பத்தோடு உறங்கியவர்கள் எழாதுபோன செய்திகள் வருகின்றன. விறைத்தால் இன்னொரு கம்பளி கேளுங்கள், நெருப்புக் கேளாதீர்கள்.

முதியவர் உடலிற் குளிர் பட்டவுடன் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கின்றது. மாரடைப்பும் பாரிசவாதமும் குளிர் மாதங்களில் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே புறப்படுமுன் வழக்கமான வைத்தியரைக் காட்டி, யாத்திரை செல்லும் இடத்தையும் மாதத்தையும் சொல்லி ஆலோசனை பெறுக. மருந்துகளை முழு நாட்களுக்கும், மேலும் ஐந்து நாட்களுக்கும் எடுத்து, வைத்தியரின் துண்டுடன் கைப்பையிலே வைத்திருங்கள். குளிரிலே தாகம் தோன்றாது. ஆயினும் தண்ணீர் அருந்த வேண்டும். வெந்நீர்க் குடுவை ஒன்று எப்போதும் கையிலிருக்கட்டும்.

உடையைப் பொறுத்தவரை, ஒரு தடித்த மேலங்கியிலும் மூன்று மெல்லிய உடைகளே சிறந்தவை. உள்ளே பருத்தி, நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத சட்டை. வெயிலேற ஒவ்வொன்றாகக் களையலாம். காதையும் கழுத்தையும் மூடும் சால்வை முதியவருக்கு இன்றியமையாதது. கோயில்களிற் செருப்பைக் கழற்றிய பின் கற்றளத்தில் நடக்க வேண்டியிருப்பதால், பழைய காலுறைகள் இரண்டு சோடி தனியே கொண்டுசெல்க.

இன்னொன்று: நமது கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒன்றே. ஆனால் சூரியன் ஒன்றாக நடப்பதில்லை. டிசம்பர் இறுதியிற் டில்லியிற் பொழுது புலர ஏழு மணிக்கு மேலாகும். மாலை ஐந்தரைக்கு மறைந்துவிடும். கொழும்பின் பகலிலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேற் குறைவு. காலை மூடுபனியையும் கழித்தால், முதியவரை வெளியே அழைத்துச்செல்ல உகந்த நேரம் நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணித்தியாலமே.

சகோதரிக்கு என் மறுமொழி

ஏழு இடங்களில் நான் ஒன்றையே வைத்து மற்றவற்றை நீக்குவேன். அந்த ஒன்று காசி. மகனுக்கு வெண்பனி இன்னும் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கும். மகளுக்குத் தாஜ்மகால் எங்கும் ஓடிப்போகாது. மாமியாருடைய ஆசைக்கோ அத்தகைய தவணை கிடையாது. குடும்பத்தில் எவருடைய விருப்பத்தைப் பின்போடலாம் என்று கேட்டால், விடை வயதிலேயே இருக்கின்றது. அங்ஙனமிருக்க, எல்லாருக்கும் ஒவ்வொன்று என்று பங்கிட முயன்றால், இளையவர் விரும்பிய ஓட்டத்தில் முதியவர் நோயுற்று, காசியையும் விடுதி அறையின் சன்னல் வழியே காண நேரும்.

ஆனால் காசியும் முதியவரின் உடலுக்கேற்ற காசியாக இருக்க வேண்டும். முதல் நாள் சென்னை. மறுநாள் முழு ஓய்வு. மூன்றாம் நாள் நண்பகலை ஒட்டிய விமானத்திற் காசி. விடியற்கால விமானம் மலிவென்று அதனைத் தெரிதல் வேண்டாம். காசியில் ஐந்து இரவுகள். அவற்றில் ஒரு நாளை மூடுபனிக்கென்றே எழுதிவிடுங்கள். பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள சாரநாத்தைப் பிள்ளைகள் ஒரு பிற்பகலிற் பார்த்து வரலாம். பிரயாகை 120 கிலோமீற்றருக்கு மேல். வானம் தெளிந்தால் மாத்திரம் எண்ணுக. எட்டாம் நாள் சென்னை திரும்பி, எஞ்சிய நாட்களில் ஒன்றைத் தாமதத்துக்கும், ஒன்றைக் காஞ்சிபுரத்துக்கும், ஒரு மாலையைப் பிள்ளைகளுடன் இசைக் கச்சேரிக்கும் வைத்துக்கொள்க. காசியிலிருந்து சென்னை வருவதையும், சென்னையிலிருந்து கொழும்பு வருவதையும் ஒரே நாளில் முடிச்சுப் போடாதீர்கள்.

தமையனார் குடும்பத்தினர் புகையிரதத்திலேயே செல்ல விரும்பினால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் முதலாந் திகதி முதல் இந்திய புகையிரதங்களில் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்னரே தொடங்குகின்றது. டிசம்பர் 15 இற் புறப்படுவோர் ஒக்டோபர் நடுப்பகுதியில் விழித்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து காசிக்கு ஏறக்குறைய ஒன்றரை நாட் பயணம். மூடுபனியில் அதற்கும் மேலாகலாம்.

தங்குமிடம் பற்றியும் ஒரு சொல். காசியிலே தமிழ் வழங்கும் இடங்கள் பல. பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார கட்டத்தை அடுத்துள்ளது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863 இல் அமைத்த சத்திரம் இன்றும் திருப்பணி செய்து வருகின்றது. இப்பகுதிகளை அண்டித் தங்கினால், மொழி தெரியாத மாமியார் தனித்துவிட்டதாக உணர மாட்டார். இடம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம்.

கங்கையில் நீராடுவது விடியற்காலையிலேயே ஆகவேண்டும் என்று மாமியார் வற்புறுத்தக்கூடும். இதுவே தங்கள் யாத்திரையின் கடினமான பேச்சாக இருக்கும் என நினைக்கின்றேன். கங்கை நண்பகலிலும் அதே கங்கைதான் என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். வெயிலேறிய பின் படித்துறைக்கு அழைத்துச் சென்று, முழுகுவது இயலாவிடின் தீர்த்தத்தைத் தலையிலே தெளிக்கச் செய்து, உடனே உலர்ந்த ஆடை மாற்றி, சூடான பாலைக் கொடுங்கள். பேரனும் பேர்த்தியும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்கட்டும், ஈரப்படிகள் வழுக்கும்.

அவர் அப்போதும் மனங்குறைந்தால், பெரியபுராணக் கதை ஒன்றை நினைவூட்டலாம். திருநாவுக்கரசர் முதுமையிற் கயிலையைக் காண விரும்பி, காசிக்கும் அப்பால் நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் ஊன்றிச் சென்றார், மார்பினால் உந்தியும், பின் புரண்டும் சென்றார். இறைவன் முனிவர் வடிவில் வந்து, இவ்வுடலுடன் கயிலை சேர்தல் அரிதென்று சொல்லி, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே எழச் செய்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. திருஞானசம்பந்தரும் காளத்தியில் நின்றபடியே கேதாரம் முதலிய வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்று அதே நூல் கூறுகின்றது. எல்லாத் தலங்களையும் காலால் மிதித்தாலன்றிப் பயனில்லை என்று நம் சமயம் சொல்லவில்லை.

மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். நவம்பர் முதலாந் திகதி தொடங்கி, இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் வெளியிடும் அறிக்கையைப் பார்த்து, சென்னையின் மழையையும் காசியின் இரவு வெப்பநிலையையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்து வரட்டும். பக்கத்து நிரலில் நுவரெலியாவின் வெப்பநிலையையும் எழுதட்டும். புறப்படும் நாளில் எத்தனை கம்பளி எடுப்பதென்று குடும்பத்துக்குச் சொல்லவேண்டியவர் அவரே. தம் விருப்பம் தள்ளிவைக்கப்பட்ட பிள்ளைக்குப் பொறுப்பொன்று கிடைத்தால் வருத்தம் குறையும். வெண்பனிதான் வேண்டுமென்றால், திரும்பி வந்த பின் தை மாதத்தில் ஒருநாள் நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். விடியுமுன் எழுந்தால், புல்லின் மீது உறைபனி வெண்பொடி தூவியதுபோலப் படிந்திருப்பதைச் சில நாட்களிற் காணலாம். அது சிம்லா அன்றுதான். ஆனால் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

கடவுச்சீட்டு என்றதும் நினைவுக்கு வருகின்றது: மாமியாருடையது ஆறு மாதத்துக்கு மேற் செல்லுபடியாகுமா என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விசாவுக்கான படிவத்தை நிரப்புவது அதன் பின்புதான்.